மேல் அடுக்கில் தேமல்

புருஷனுடைய சட்டையை முகர்ந்து பார்ப்பதற்காக ஒருத்தி இருட்டு பிரியும் முன்னே எழுந்திருக்கிறாள் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். சிரித்துவிட்டுப் போங்கள். சமையலறைத் தரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த மனுஷனை மாடிப்படியில் இறக்கி, கிடைத்த வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனவளுக்கு அந்தச் சிரிப்பு வராது.

அவர் பிழைத்து எழுந்தபோது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். "இனிமே ஒரே ஒரு சிகரெட் பிடிச்சாலும் என்கிட்ட கூட்டிட்டு வராதீங்கம்மா. வந்தும் பிரயோஜனம் இல்ல." அது முதலாவது. "அவரைப் பதட்டப்படுத்தாதீங்க. சண்டை, சத்தம், கேள்வி கேட்கிறது, எதுவும் இப்போதைக்கு வேண்டாம்." இது இரண்டாவது. சிகரெட்டும் பிடிக்க விடக்கூடாது, ஏன் பிடிக்கிறாய் என்று கேட்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒருத்தி எப்படிச் சேர்த்துச் செய்வாள் என்று டாக்டர் சொல்லவில்லை. அவருக்கென்ன, கதவுக்கு வெளியே அடுத்த ஆள் காத்திருந்தான்.

அதனால்தான் இந்தச் சட்டைச் சோதனை. சட்டையில் வியர்வை வாசனையும் சோப்பு வாசனையும்தான் வரும். ஆனால் அவள் அதில் ஏமாறுகிற ஆள் இல்லை. வாலிபத்திலிருந்து ஊதித் தள்ளியவருக்கு வாசனையை மறைக்கத் தெரியாதா? ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்திருப்பார், பெப்பர்மிண்ட் சப்பியிருப்பார். சட்டையில் கிடைக்காதது வேறு இடத்தில் கிடைத்தது. முதலில் மழைக்கோட்டுப் பையில் ஒரு ஒற்றை சிகரெட். நெருப்புப் படாதது, புத்தம் புதுசு. அடுத்த நாள் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஒன்று. அப்புறம் ஷூவுக்குள், அப்புறம் குளியலறையில் ஷேவிங் சாமான் டப்பாவுக்கு அடியில். அவள் முதல் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள், அவர் அதே இடத்துக்கு அடுத்த பஸ்ஸில் வருகிறவர். நடுவில் வீடு முழுக்க அவர் ராஜ்ஜியம். அந்த நேரத்துக்குத்தான் இந்த ஏற்பாடு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கண்டுபிடித்ததும் கத்த முடியுமா? முடியாது. எழுப்பிக் கேட்க முடியுமா? அதுவும் முடியாது. அதை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போவாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, காகிதம் கிழிந்து புகையிலை பொடிப்பொடியாய் உதிரும்வரை நசுக்குவாள். மனசில் இருக்கிற ஆத்திரம் அத்தனையும் அந்த இரண்டு விரலில் இறங்கிவிடும். பாழாய்ப் போன சனியனே, என் தாலியை அறுக்கத்தான் வந்தாயா என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரை விட்டு அடித்துவிடுவாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். கையைக் குழாயில் ஒரு நனை நனைத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடுவாள்.

வெளியூரில் இருக்கிற மகள் தினமும் போனில் கேட்பாள். "அப்பா ஊதுறாராம்மா?"

"சேச்சே. அதெல்லாம் விட்டுட்டாருடி. தொடுறதே இல்ல."

சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு நாற்றுப் பண்ணையில். ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு பசுமைக்குடிலுக்குள் அவள் நுழைந்தால், "மழை வருது, ஒதுங்கு" என்று யாராவது ஒரு குரல் கொடுப்பார்கள். அப்படியே மழையக்கா என்று பட்டம் நிலைத்துவிட்டது. முளைத்து இரண்டு இலை விட்ட பிஞ்சுக்குத் தண்ணீர் விடுவது சாதாரண வேலை இல்லை. ஹோஸை நேராகப் பிடித்தால் விதையோடு மண் எகிறிவிடும். ஹோஸின் வாய் வானத்தைப் பார்க்கிற மாதிரி மேலே தூக்கிப் பிடித்து, தண்ணீர் வளைந்து, வேகம் செத்து, தூறலாய் வந்து விழ வேண்டும். அவள் கை அதற்கென்றே பிறந்த கை என்று பண்ணையில் சொல்வார்கள்.

ஆனால் தண்ணீர் விடுவதைவிட விடாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். குடிலுக்குள் கதகதப்பில் வளர்ந்த தக்காளி நாற்றை அப்படியே கொண்டுபோய் வயலில் நட்டால் ஒரே வெயிலில் சுருண்டு படுத்துவிடும். அதனால் விற்பனைக்கு அனுப்பும் முன் குழித்தட்டுகளோடு தூக்கி வெளிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, வெயிலுக்கும் காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். முதலில் நிழல்வலைக்கு அடியில், பிறகு வலையைப் பாதி விலக்கி அரை வெயிலில், கடைசியில் முழு வெயிலில். தண்ணீரையும் நாளுக்கு நாள் குறைக்க வேண்டும். மத்தியானத்தில் இலையெல்லாம் தொங்கிப்போய்ப் பரிதாபமாய்ப் பார்க்கும். அப்போது மனசு இளகித் தண்ணீர் ஊற்றிவிட்டால் அத்தனை நாள் பாடும் வீண். அந்த நேரத்தில் அவள் ஹோஸ் இருக்கும் பக்கமே போகமாட்டாள், தன்னை நம்பாமல்.

இன்னொரு வேலையும் உண்டு. காற்று படாமல் வளர்ந்த நாற்றுக்குத் தண்டு நூல் மாதிரி இருக்கும். தினமும் காலையில் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் வருடிக்கொண்டே போனால், காற்றுத்தான் ஆட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு தண்டு தடிக்கும். இது நோஞ்சானும் செய்யக்கூடிய வேலை. பண்ணையின் வேனை ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனுக்கு நெஞ்சுவலிக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. மேற்பார்வையாளர் இரக்கப்பட்டு இந்த வருடும் வேலையைக் கொடுத்தார். வேன் போய்விட்டாலும் டிரைவர் என்ற பேர் மட்டும் போகவில்லை.

கொட்டகையில் படிக்கட்டு மாதிரி இரண்டு அடுக்கு இரும்புச் சட்டம். கீழ் அடுக்கு இடுப்பு உயரம், அது டிரைவருக்கு. மேல் அடுக்குக்கு முக்காலி போட்டு ஏறிக் கையை எட்டி நீட்ட வேண்டும். அது அவருக்கு ஆகாது என்பதால் மழையக்கா பார்த்துக்கொண்டாள். அதை முடித்துவிட்டுக் கீழ் அடுக்கிலும் போகிற போக்கில் ஒரு கை வைப்பாள். அவர் வருடினால் கடமைக்குத்தான் வருடுவார் என்பது அவள் அபிப்பிராயம்.

இந்த மேற்பார்வையாளர் ஒரு தனிப் பிறவி. குடிலுக்குள் மேலேயிருந்து தண்ணீர் சொட்டும் என்று எந்நேரமும் குடையோடு சுற்றுவார். கூரைக்கு அடியில் குடை பிடிக்கிற மனுஷனை வேறெங்கும் பார்க்க முடியாது. குடைக்காரர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். ஒரு விஷயத்தில் அவர் எமன். கொட்டகை வாசலில் பால் பவுடர் கரைத்த வாளி ஒன்று இருக்கும். சிகரெட், மூக்குப்பொடி, புகையிலை என்று எந்தப் பழக்கம் உள்ளவராக இருந்தாலும், விட்டுவிட்டவராகவே இருந்தாலும், அந்தப் பாலில் கையை முக்கி எடுக்காமல் தக்காளியைத் தொடக்கூடாது. புகையிலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் நோய் விரல் வழியாகத் தக்காளிக்கு வந்துவிடும். இலையில் திட்டுத் திட்டாய்த் தேமல் விழுந்தால் மருந்தே கிடையாது. பால் பட்டால் அதன் வீரியம் போய்விடும் என்பார்.

டிரைவர் தினமும் முழங்கை வரைக்கும் முக்குவார். விதை போடும் பெண் கிண்டல் செய்வாள். விதைக்காரி என்று பேர், வாய்க்காரி என்று வைத்திருக்கலாம். "டிரைவரண்ணன் கையைப் பாருங்கக்கா, கன்னுக்குட்டி மாதிரி தினம் பால் குடிக்குது."

எல்லாரும் சிரிப்பார்கள். மழையக்காவுக்கு மட்டும் சிரிப்பு வராது. விட்டுவிட்டவர் இவ்வளவு பயபக்தியோடு ஏன் முக்க வேண்டும் என்று உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். அவள் அந்த வாளியைத் தாண்டி நேரே உள்ளே போவாள். சிகரெட் நாற்றம் தெரு முனையில் வந்தாலே மூக்கைப் பொத்துகிறவளுக்குப் பால் எதற்கு?

நாற்றுகள் முழு வெயிலுக்கு வந்த சமயம். லாரி வர இன்னும் சில நாள்தான். அன்று காலையில் கீழ் அடுக்கை வருடிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். அவள் நிழல் விழுந்த இடத்தில் ஒரு நாற்றின் கொழுந்து இலை வேறு மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தாள். வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாய், இலை லேசாய்ச் சுருங்கியிருந்தது.

தேமல்.

அவள் அந்தச் செடியைப் பற்றி நினைக்கவே இல்லை. நேராக ஆஸ்பத்திரிப் படுக்கைதான் கண்ணுக்கு வந்தது. ஆக, சந்தேகம் இல்லை, பிடிக்கிறார். இங்கே, வேலை செய்கிற இடத்திலேயே, இடைவேளையில் எங்கேயோ நின்று ஊதிவிட்டு, அவசரத்தில் பாலில் முக்காமல் வந்து கையை வைத்திருக்கிறார். குடைக்காரர் கண்ணில் இது பட்டால் முதல் கேள்வி யார் புகைத்தது என்பதுதான். இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை போகும். வேலை போனால் நாள் முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். அப்புறம் கேட்பாரில்லை, ஊதி ஊதியே போய்ச் சேர்ந்துவிடுவார்.

சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த இலையை நகத்தால் கிள்ளி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பக்கத்துச் செடியிலும் ஒன்று தெரிந்தது, அதையும் கிள்ளினாள். அடுத்த தட்டில் ஒரு நாற்று முழுக்கவே அப்படி இருந்தது. அதை வேரோடு பிடுங்கிவிட்டு, மேல் அடுக்கிலிருந்து நன்றாயிருந்த மாதிரி தெரிந்த ஒன்றை எடுத்துக் குழியில் செருகினாள். வேலை முடிந்ததும் ஒன்றும் நடக்காதது போல மற்ற வரிசைகளையும் ஒரு முறை வருடிவிட்டு வந்தாள்.

மறுநாள் இன்னும் நிறைய. அதற்கு மறுநாள் கிள்ளி மாளவில்லை.

இடைவேளையில் அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு நாள் உரக் கொட்டகைக்குப் பின்னால் அவர் போனதும் சத்தமில்லாமல் பின்னாலேயே போனாள். கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கால் மேல் இருந்தது. இரண்டு விரலை லேசாய்ப் பிரித்து, நடுவில் எதையோ வைத்திருக்கிற மாதிரி. ஆனால் நடுவில் ஒன்றும் இல்லை. அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் எழுந்து, பால் வாளிக்குப் போய், கையை முக்கிவிட்டு உள்ளே போனார்.

அவர் போன பிறகு அந்த இடத்தைக் காலால் கிளறிப் பார்த்தாள். துண்டும் இல்லை, சாம்பலும் இல்லை. எங்கே புதைத்தாரோ என்று நினைத்தாளே தவிர, பிடிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பயம் பிடித்த மனசு அப்படித்தான், கண்ணால் பார்த்ததை நம்பாது. மறுநாள் விடியலில் அரிசி டப்பா மூடிக்குள் ஒட்டுநாடாவால் ஒட்டிய ஒரு சிகரெட் கிடைத்தது. பார்த்தாயா என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அதை நசுக்கியபோது நகக்கண் வலித்தது.

லாரி வருவதற்கு முந்தைய நாள் குடைக்காரர் கடைசிச் சோதனைக்கு வந்தார். அவள் ஹோஸைச் சுருட்டுகிற பாவனையில் கொட்டகை ஓரமாக நின்றாள். அவர் கீழ் அடுக்கில் ஒரு தட்டைத் தூக்கி எடை பார்த்தார். தண்டைத் தொட்டார். "நல்லா தடிச்சிருக்கே" என்றார். அவளுக்குப் போன உயிர் வந்தது. அடுத்த நிமிஷம் அவர் குடையைத் தாழ்த்தி ஒரு செடிக்கு மேல் பிடித்தார்.

வெயிலில் தேமல் சட்டென்று தெரியாது, வெளுத்த மாதிரிதான் இருக்கும். நிழல் விழுந்தால் திட்டுத் திட்டாய்க் காட்டிக்கொடுத்துவிடும். குடை நிழலை நகர்த்திக்கொண்டே அவர் வரிசை முழுக்க நடந்தார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"எல்லாரும் இங்க வாங்க."

வந்தார்கள். விதைக்காரி, கலவை கலக்குகிறவர்கள், டிரைவர், எல்லாரும்.

"கிள்ளின காயம் வேற இருக்கு. யாரோ மறைச்சிருக்காங்க. அதை அப்புறம் பேசுவோம். முதல்ல சொல்லுங்க, புகையிலை பட்ட கையோட இதைத் தொட்டது யாரு?"

அவள் கண் தானாக அவர் பக்கம் போனது. சொல்லிவிடாதே, சொல்லாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"என் கையாத்தான் இருக்கும் சார்" என்றார் டிரைவர்.

சந்தேகம் என்பது வேறு, காதால் கேட்பது வேறு. இத்தனை நாள் தேடித் தேடி நிரூபித்துக்கொண்டிருந்தவள், இப்போது அது பொய்யாக இருக்கக்கூடாதா என்று தவித்தாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியாய்யா?" குடைக்காரர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "செத்துப் பிழைச்சவன் நீ."

"பிடிக்கல சார். வாங்குறேன். வாங்கி வைக்கிறேன். கையில படுதுல்ல. பாலில நல்லாத்தான் முக்கினேன், எப்படியோ ஒட்டியிருக்கு போல."

"வாங்குவானாம், பிடிக்கமாட்டானாம்" என்று யாரோ முனகினார்கள்.

குடைக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மேல் அடுக்குக்கு மேல் குடையைப் பிடித்தார். ஒவ்வொரு தட்டாக நிழலை நகர்த்தினார்.

"கீழ இருக்கிறது ஒண்ணுமே இல்ல" என்றார் கடைசியில். "இங்கதான் ஆரம்பிச்சிருக்கு. முழுக்கப் போச்சு. டிரைவர், நீ இதுல ஏறினியா?"

"இல்ல சார். நான் ஏறக்கூடாது."

"ஒரு தடவைகூட?"

"கையே எட்டாது சார்."

"அப்ப மேல யாரு பார்க்கிறது?"

"நான்தான்" என்றாள் அவள். மேல் அடுக்கு இலைகள் வெளுத்திருந்ததை அவளும் முன்பே பார்த்திருந்தாள்தான். புது வெயில் பட்ட வெளுப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள். நோய் கீழே இருந்தது, கீழே இருந்தவர் அவர். அவள் மேலே பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"உனக்கு என்னம்மா பழக்கம்?"

"எனக்கா?"

விதைக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன சார் நீங்க. அக்காவுக்கு டீயே ஒத்துக்காது. அவங்க போய்..."

அவளும் அதையேதான் சொல்ல வாயெடுத்தாள். எனக்கு என்ன பழக்கம் இருக்கிறது, நான் புகையிலையைத் தொட்டதே... அங்கேயே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் காலையில் நசுக்கியதன் பழுப்பு இன்னும் இருந்தது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இதுவரைக்கும் மறைத்தது போதும் என்றும் தோன்றியது.

"நான் தினமும் நசுக்குவேன் சார்" என்றாள். "இவர் வாங்கி ஒளிச்சு வைக்கிறதை எடுத்து, கையாலேயே நசுக்கிப் போட்டுட்டு வருவேன். சோப்பு போட்டதில்ல. பாலிலயும் முக்கினதில்ல. நான்தான் பிடிக்கிறவ இல்லையே. அப்படியே வந்து தண்ணி விட்டு, வருடி..." கையை ஏப்ரனில் தேய்த்துக்கொண்டாள். "கிள்ளி மறைச்சதும் நான்தான். இவர்னு நெனைச்சேன்."

குடைக்காரர் முக்காலியிலிருந்து இறங்கினார். குடையை மடக்கினார். அவர் குடையை மடக்கி யாரும் பார்த்ததில்லை.

"புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்லயே கத்தித் தீர்த்திருக்கக் கூடாதா?" என்றார். "கத்தியிருந்தா ரெண்டு தட்டுதான் உடைஞ்சிருக்கும். இப்ப மொத்த அடுக்கும் போச்சு. ஒண்ணு விடாம குழியில கொட்டி மூடுங்க. லாரிக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு பார்த்துக்கிறேன். மழையக்கா, நாளையிலேருந்து உன் கையும் பாலுக்குள்ள போயிட்டுத்தான் உள்ள வரணும்."

வேலையை விட்டுப் போ என்று சொல்லுவார் என நினைத்தவளுக்கு அந்த "நாளையிலேருந்து" என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் அழுகை வந்தது.

குழி பண்ணையின் பின்பக்கம். மற்றவர்கள் தட்டுகளைச் சுமந்து வந்து குழியோரமாக அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கொட்டுவது அவள் வேலை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். விதையாய் இருந்தபோதிலிருந்து தூறல் தூறலாய்த் தண்ணீர் விட்டு வளர்த்தவை. தடித்த தண்டும் கரும்பச்சையுமாய் எத்தனையோ இன்னும் நன்றாகத்தான் இருந்தன, பார்க்கிறதுக்கு. ஒரு தட்டைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். பொலபொலவென்று விழுந்தன.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். கனமானதைத் தூக்கக்கூடாது என்பதால் வெறுங்கையோடு நின்றார்.

டாக்டர் சொன்ன இரண்டாவது விஷயத்தை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மீறினாள்.

"எத்தனை பிடிச்சீங்க?"

"ஒண்ணுகூட இல்ல."

"பொய் சொல்லாதீங்க. இனிமே தாங்குறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

"நீ எங்க பிடிக்க விட்ட?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "நீ போனப்புறம் எழுந்து போய்ப் பார்ப்பேன். கடிகாரத்துக்குப் பின்னாடி இருக்காது. ஷூவுக்குள்ள இருக்காது. உன்னைக் கூப்பிட்டு, என் சிகரெட் எங்கன்னு கேட்கவா முடியும்? அப்படியே கட்டில்ல உட்கார்ந்திருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாயிடும். அன்னைக்குத் தப்பிச்சுட்டேன்னு கிளம்பி வருவேன்."

அவள் அடுத்த தட்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏன் திரும்பத் திரும்ப வாங்குறீங்க?"

"வாங்காம அந்தக் கடையைத் தாண்ட முடியல." காலால் ஒரு மண்கட்டியைக் குழிக்குள் தள்ளினார். "எப்படியும் நீ எடுத்துடுவேன்னு தெரியும். அந்தத் தைரியத்துலதான் வாங்கினேன்."

அவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. பிடிக்கவில்லை. இத்தனை நாளும் மனுஷன் பிடிக்கவே இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிவிட்டது போல இருந்தது. ஆனால் காலடியில் குழி நிறைய நாற்று கிடந்தது. அவரைக் காப்பாற்றிய அதே விரல்தான் இதையும் செய்தது. இதில் எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்குத் துக்கப்படுவது?

அவர் சட்டைக்குள் கையை விட்டு ஒன்றை வெளியே எடுத்தார்.

"இது நேத்து வாங்கினது. வீட்ல வைக்கல. வைக்க இடம் இல்லாம போச்சு, எல்லா இடமும் உனக்குத் தெரிஞ்சுடுச்சு." சிகரெட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "இன்னைக்கு இடைவேளையில பிடிச்சிருப்பேன். அதுக்குள்ள அவரு எல்லாரையும் கூப்பிட்டுட்டாரு."

உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினார்.

அவள் கை பாய்ந்தது. விரல் அதன்மேல் படுவதற்கு ஒரு நூல் இருக்கும்போது நிறுத்திக்கொண்டாள். பிடுங்கி நசுக்கி மிதித்துக் குழியில் போட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். இன்று ஒன்றை நசுக்கலாம். நாளைக்கு எங்கே ஒளிப்பார்? வீட்டில் இடமில்லை என்றால் தெருவில் இல்லையா, பஸ்ஸில் இல்லையா? அவள் எவ்வளவு தூரம் முகர்ந்துகொண்டே அலைவாள்?

"நீங்களே பண்ணுங்க" என்றாள்.

"என்னால முடியாதும்மா. நீயே எடுத்துடு."

"நான் எடுக்கமாட்டேன். நான் நாளைக்குச் செடியைத் தொடணும்."

"அப்ப நாளைக்கு யாரு தேடிப் பார்ப்பா?" அந்தக் கேள்வியில் பயம் இருந்தது.

"யாரும் தேடமாட்டாங்க" என்றாள்.

தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், கை சும்மா இருந்தால் பிடுங்கிவிடும் என்ற பயத்தில். அவர் நின்றார். பார்வை ஒரு முறை வெளிக் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சிகரெட்டை இரண்டாக ஒடித்தார். ஒடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு பாதியை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். காகிதம் கிழிந்தது. பழக்கமில்லாத வேலை, கொஞ்சம்தான் உதிர்ந்தது.

"போதுமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது. உங்களுக்குப் போதுமான்னு பாருங்க."

அவர் குனிந்து விரலைப் பார்த்தார். மீதி இருந்ததையும் சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்தார்.